இரவில் வழி தவறினால் விமானத்தை எங்கே நிறுத்துவது?

கேள்வி: பயிற்சிப் பள்ளியில் செஸ்னா 172 என்ற சிறு விமானம் ஓட்டுகிறேன். அடுத்த வாரம் இரவுப் பயிற்சி. நீல விளக்குகளுக்கு நடுவே டாக்ஸி செய்யும்போது, அதாவது விமானத்தைத் தரையில் ஓட்டிச் செல்லும்போது, எங்கே இருக்கிறோம் என்றே புரியாது என்று சீனியர்கள் பயமுறுத்துகிறார்கள். தெரியாமல் ஓடுபாதைக்குள் போய்விட்டால் என்ன செய்வது?

பதில்: அவர்கள் சொல்வது உண்மைதான். செஸ்னாவின் இருக்கை தாழ்வானது. அங்கிருந்து பார்த்தால் இரண்டு மூன்று டாக்ஸிவேக்களின் (ஓடுபாதைக்குப் போய்வரும் இணைப்புப் பாதைகள்) ஓர விளக்குகள் ஒன்றாகக் கலந்து, அறுந்து விழுந்த சீரியல் விளக்குச் சரம்போலச் சிதறித் தெரியும். அவற்றை நம்பித் திரும்பாதீர்கள். டாக்ஸி விளக்கின் வெளிச்சத்தில் தரையிலுள்ள மஞ்சள் நடுக்கோட்டைப் பிடித்துக்கொண்டு நடைவேகத்தில் போங்கள். இருட்டில் பக்கவாட்டில் எதுவும் நகர்வது தெரியாது என்பதால், வேகமாகப் போனாலும் மெதுவாகப் போவதுபோலவே இருக்கும்.

நீலம் டாக்ஸிவே, வெள்ளை ஓடுபாதை. சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் ஓடுபாதை எண்ணைக் கண்டால் நில்லுங்கள். குறுக்கே சிவப்பு விளக்கு வரிசை எரிகிறதா? கட்டுப்பாட்டுக் கோபுரம் போகச் சொன்னாலும் நகராதீர்கள். விளக்கு எரிகிறது என்று சொல்லி மறுபடி கேளுங்கள்.

வழி தவறிவிட்டால் உடனே நின்று, கடைசியாக எந்த இடம் வரை தெரிந்தது என்று கோபுரத்திடம் சொல்லுங்கள். வெட்கம் வேண்டாம். ஆனால் இந்த 'நில்' என்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு. அதைப் பலர் சொல்லித்தருவதே இல்லை. இரண்டு பக்கமும் வெள்ளை விளக்குகள் தெரிந்தால் நீங்கள் ஓடுபாதையில் இருக்கிறீர்கள். அங்கே நின்று யோசிக்கக் கூடாது. கோபுரத்திடம் சொல்லிக்கொண்டே, அருகில் தெரியும் டாக்ஸிவே வழியாக வெளியேறுங்கள். முழுதாக வெளியே வந்த பிறகு நில்லுங்கள். கோபுரம் வேறு உத்தரவு கொடுத்தால் மட்டும் அதன்படி செய்யுங்கள். 2024 ஜனவரி 2 மாலை இருட்டில், டோக்கியோ ஹனேடாவில் கடலோரக் காவல்படை விமானம் ஒன்று காத்திருப்புக் கோட்டைத் தாண்டி ஓடுபாதையில் சுமார் 40 விநாடி நின்றது. தரையிறங்கிய ஏர்பஸ் ஏ350 அதன்மேல் மோதியது. காவல்படையினர் ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். தரையிறங்கும் விமானியின் கண்ணுக்கு, ஓடுபாதையில் நிற்கும் சிறு விமானத்தின் வால் விளக்கும் ஓடுபாதை விளக்குகளில் ஒன்றுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சி.பி.எல். என்ற வணிக விமானி உரிமத்துக்கு, விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. கேட்பது 5 மணி நேர இரவுப் பறத்தல், 10 டேக்-ஆஃப், 10 லேண்டிங். விமானம் பறப்பதற்காக நகரத் தொடங்கியதிலிருந்தே நேரம் கணக்காகிறது. வரிசையில் இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தாலும் மணி ஏறும். "நைட் ஹவர்ஸை ஒரே வாரத்தில் முடித்துத் தருகிறோம்" என்று பேக்கேஜ் விற்கும் ஏஜென்டுகளுக்கு இது போதும். கட்டணத்தைப் பள்ளிக்கே நேரடியாகக் கட்டி ரசீது வாங்குங்கள். லாக்புக்கில் மணிக்கணக்கைக் கூட்டிப் பார்க்கும் அதிகாரிகள், இவன் இருட்டில் தனியாக ஒரு திருப்பத்தைச் சரியாக எடுத்தானா என்று கேட்பதில்லை. கேட்கவும் படிவத்தில் இடமில்லை! ஆகவே நீங்களே கேளுங்கள்: முதல் இரவு பறக்காமல் டாக்ஸி மட்டும் செய்யப் பயிற்றுநரிடம் அனுமதி வாங்குங்கள். பணம் வீண் என்று முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

டாக்ஸியின்போது பளிச் பளிச்சென்று மின்னும் ஸ்ட்ரோப் விளக்கைப் போடாதீர்கள், மற்றவர் கண் கூசும்; ஓடுபாதைக்குள் நுழையும்போது போடுங்கள். போகவேண்டிய வழியை முன்னதாகவே வரைபடத்தில் குறித்துத் தொடைமேல் வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு மையால் மட்டும் குறிக்காதீர்கள். சிவப்பு டார்ச் வெளிச்சத்தில் அந்தக் கோடு தெரியாது.