கையால் செய்த மலிவான கிட்டார் ஆம்ப் போதுமா, காசு சேர்த்து பூட்டிக் ஆம்ப்தான் (சிறிய பட்டறைகள் கொஞ்சமாகச் செய்து அதிக விலைக்கு விற்பது) வாங்க வேண்டுமா?

நீங்கள் ஏற்கெனவே மலிவானது ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள், யாராவது 'வாங்கு' என்று சொன்னால் போதும், அப்படித்தானே? வாங்குங்கள்.

என்னிடம் இருப்பது தனியாள் ஒருவர் செய்துகொடுத்த வால்வு (பழைய கண்ணாடிக் குழாய்) ஆம்ப். ஐந்து வாட், ஃபெண்டர் நிறுவனத்தின் பழைய 5எஃப்1 சாம்ப் ஆம்ப்பின் சர்க்யூட். ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு 6வி6, ஏசி மின்சாரத்தை டிசியாக்கும் ரெக்டிஃபையராக ஒரு 5ஒய்3, அவ்வளவுதான் வால்வுகள். டோன் குமிழ்கூடக் கிடையாது. முகப்பில் பெயரும் இல்லை, அதனால் எங்கள் குழுவின் இன்னொரு கிட்டார்காரர் அதைப் பார்க்கும்போதெல்லாம் உதட்டைப் பிதுக்குவார். அவருடையது பெயர்பெற்ற பூட்டிக் ஆம்ப். ஒருநாள் ஒத்திகை இடைவேளையில் அவர் வெளியே போயிருந்த நேரம் பார்த்து என் ஆம்ப்பின் எட்டு அங்குல ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அவருடைய பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் பெட்டியில் இணைத்தேன் (ட்ரான்ஸ்பார்மரில் 8 ஓம் இணைப்பு இருந்தது, ஸ்பீக்கரின் ஓம் அளவு ஆம்ப்போடு பொருந்துகிறதா என்று பார்க்காமல் நீங்கள் இதைச் செய்யாதீர்கள்). உள்ளே வந்தவர், "என் ஆம்ப்பை யார் வாசிக்கிறது?" என்றார். விஷயம் தெரிந்ததும், "அது என் ஸ்பீக்கரால வர்ற சத்தம்" என்றார். நானும் அதைத்தானே சொல்கிறேன்! காசு மிச்சமானால் முதலில் ஸ்பீக்கரில் போடுங்கள்.

பூட்டிக் செய்கிறவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். நல்ல அவுட்புட் ட்ரான்ஸ்பார்மர், இரைச்சல் இல்லாத வயரிங், விற்கும்போது கிடைக்கும் விலை, இதெல்லாம் உண்மையான லாபம்தான். ஆனால் 'இது வெறும் காப்பி' என்று இளக்காரமாகப் பேசுவதைத்தான் தாங்க முடியவில்லை. 1960களின் தொடக்கத்தில் வந்த மார்ஷல் நிறுவனத்தின் ஜேடிஎம்45 ஆம்ப் எதைப் பார்த்துச் செய்தது? ஃபெண்டரின் பாஸ்மேன் ஆம்ப்பைப் பார்த்துத்தான். பெயர்பெற்ற பூட்டிக் ஆம்ப்காரர் டம்பிள் தன் சர்க்யூட் மேல் எபாக்ஸி பசை ஊற்றி மூடினாரே, அடுத்தவர் பார்த்துச் செய்துவிடுவார் என்றுதானே?

அதற்காகக் கையால் செய்ததெல்லாம் நல்லது என்றும் இல்லை. பற்றவைப்பு சரியில்லாத கைவேலையைவிட ஒழுங்கான பிசிபி (அச்சிட்ட சர்க்யூட் பலகை) ஆயிரம் மடங்கு மேல். செய்தவரிடம் உள்ளே திறந்து காட்டச் சொல்லுங்கள், எர்த் ஒழுங்காக இருக்கிறதா, பழுதானால் அவரே பார்த்துத் தருவாரா என்று கேளுங்கள். நீங்களாகத் திறக்க வேண்டாம், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும், ஆளைக் கொல்லும்.

அப்புறம், எந்த ஆம்ப் வாங்கினாலும் மேடையில் ஒலி பார்க்கிறவரிடம் மாட்டத்தான் போகிறீர்கள். நான் ஸ்விட்சைக்கூடப் போட்டிருக்க மாட்டேன், "கிட்டார், சத்தத்தைக் குறைங்க" என்பார். ஐந்து வாட்டில் எதைக் குறைப்பது? பக்கத்தில் டிரம்ஸ்காரர் சிம்பலை உடைத்துக்கொண்டிருப்பார், அவரிடம் ஒரு வார்த்தை கிடையாது.