வாசகர் கேள்விகள்: டல்லா படகு போன பிறகு

கேள்வி: அம்மா, என் மனைவி கடைத்தெருவுக்குப் போய் வந்தாலே ஒரு கதை வைத்திருப்பாள். மழையில் சைக்கா (சைக்கிள் ரிக்‌ஷா) கிடைத்தாலும் சாமி செயல், சில்லறை சரியாகக் கிடைத்தாலும் சாமி செயல். எனக்கு இதெல்லாம் தற்செயல் என்றுதான் படுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு வாசகர், பெகு

பதில்: தம்பி, சைக்கா விஷயத்தில் நான் உங்கள் பக்கம். உங்கள் மனைவிக்குக் கிடைத்த சைக்கா, அதே மழையில் நின்ற இன்னொருவருக்குக் கிடைக்காமல் போயிருக்கும். என் காரியம் முடிந்ததைச் சாமி கணக்கில் எழுதினால், அவர் நனைந்ததை யார் கணக்கில் எழுதுவது? அதனால் காரியம் கெட்டுப்போன நாட்களைத்தான் நான் திரும்பிப் பார்க்கிறேன்.

போன ஆவணியில் ஒரு நாள். நான் ரவிக்கை தைத்துப் பிழைப்பவள். ஆற்றுக்கு அக்கரையில் டல்லாவில் ஒரு கல்யாண வீட்டுக்கு நான்கு ரவிக்கைகளைக் காலை ஒன்பது மணிக்குள் கொடுக்க வேண்டும். கடைசி ரவிக்கைக்குக் கொக்கி குறைந்தது. யாங்கோன் அனவ்ரதா சாலையில் காளி கோயிலில் விளக்கேற்றிவிட்டு, பக்கத்தில் தெய்ஞ்சி சந்தைக்குள் நுழைந்தேன். வழக்கமான கடையில் கொக்கி தீர்ந்திருந்தது. மூன்று கடை ஏறி இறங்கி, பன்சோடன் படகுத்துறைக்கு ஓடினால், என் கண்ணெதிரே கயிற்றை அவிழ்க்கிறார்கள். "அடி தாயே!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அதைக் கேட்டுத்தான் அந்தப் பையன் திரும்பினான். இருபது வயதிருக்கும், கன்னத்தில் தனாகா என்ற மரப்பட்டைப் பூச்சு. "அடோ (அத்தை), நீங்கள் தமிழா?" என்று பர்மிய மொழியில் கேட்டான். பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து ஒரு நீல நிறக் கடிதத்தை எடுத்தான். இறந்துபோன பாட்டியின் தகரப்பெட்டியில் இருந்ததாம். வீட்டில் யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. காலையில் கோயில் வரைக்கும் போயிருக்கிறான். கூட்டத்தில் யாரிடம் கேட்பது என்று கூசித் திரும்பிவிட்டான். அவனும் அதே படகைத் தவறவிட்டவன்தான்.

கொக்கியையும் ஊசியையும் பைக்குள் போட்டுவிட்டு வாங்கிப் படித்தேன். 1964-ல் கடைகளெல்லாம் அரசுடைமையானபோது கப்பலேறிய தங்கை, பர்மியரை மணந்து இங்கேயே தங்கிவிட்ட அக்காவுக்கு எழுதியது. மடிப்பில் இரண்டு வரிகள் அழிந்திருந்தன. மீதியை ஒவ்வொரு வரியாகப் பர்மிய மொழியில் சொன்னேன். ராமநாதபுரம் வந்து சேர்ந்தோம்; கிணற்றுத் தண்ணீர் உப்பு; புளிச்சக்கீரை இங்கேயும் கிடைக்கிறது, ஆனால் உன்னைப் போல வைக்க எனக்குக் கை வரவில்லை; நீ ஏன் எங்களோடு வரவில்லை என்று இனிமேல் கேட்கமாட்டேன். கீரை வரியை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னான். "பாட்டி வாரம் தவறாமல் அதைச் சமைப்பார்" என்றான். அதற்குமேல் அவனுக்கும் பேச்சு வரவில்லை, எனக்கும் வரவில்லை.

அடுத்த படகில் ஒன்றாகப் போனோம். கல்யாண வீட்டில் பெண்ணின் தாயார் எனக்கு முகம் கொடுக்கவில்லை. தாமதம் தாமதம்தானே, அவர் மேல் தப்பில்லை.

கொக்கி தீர்ந்தது தற்செயல். படகு நேரத்துக்குப் போயிற்று, அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் அத்தனை எரிச்சலோடு உட்கார்ந்திருந்தவள், "வேலை இருக்கிறது, போப்பா" என்று சொல்லாமல் கையை நீட்டி அந்தக் கடிதத்தை வாங்கினேனே, அது என் சுபாவம் இல்லை. என்னை எனக்குத் தெரியும். அதைத்தான் சாமி என்கிறேன். இளையான்குடி மாற நாயனார் வீட்டுக்கு அடியார் வந்ததும் நல்ல நேரத்திலா? கொட்டுகிற மழை, நடு இரவு, வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. அன்று விதைத்த நெல்லை வயலிலிருந்து வாரி வந்து, கொல்லைக் கீரையைப் பறித்துத்தான் சோறு போட்டார்கள்.

மனைவியிடம் வாதாடாதீர்கள், தம்பி. அந்தச் சைக்காக்காரர் யார், எந்த ஊர், மழையில் ஏதாவது சாப்பிட்டாரா என்று கேட்டுப் பாருங்கள். அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: மகனுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று 48 நாள் விரதமிருந்தேன். வேலை வேறொரு பையனுக்குப் போய்விட்டது. கடவுள் அவனுக்கு மட்டும்தான் செய்வாரா?
– ஒரு வாசகி, தட்டோன்

பதில்: என் கணவர் இறந்த வருடம் நானும் இப்படிக் கேட்டேன், தங்கச்சி. "எல்லாம் நன்மைக்கே" என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். உங்களிடம் அதைச் சொல்லமாட்டேன். அந்த வருடம் என்னைத் தாங்கியது மாடி வீட்டுப் பர்மிய அம்மா. காலையில் பிக்குகள் திருவோட்டோடு வரும்போது தன் பங்குச் சோற்றைப் போட்டுவிட்டு, என் கணவர் பெயரைச் சொல்லி இன்னொரு கரண்டி போடுவார். நான் கேட்டதே இல்லை. ஜன்னல் வழியாக ஒருநாள் தற்செயலாகப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கேள்வி: பஸ்ஸில் போகும்போது சூலே பகோடா என்ற புத்தர் கோயிலைக் கும்பிடுகிறேன். நாம் கும்பிடலாமா?
– ஒரு மாணவி, யாங்கோன்

பதில்: தாராளமாக, கண்ணு. அந்தத் திருப்பத்தில் பஸ் வளையும்போதெல்லாம் என் அம்மா காலைச் செருப்பிலிருந்து எடுத்துவிட்டுக் கை கூப்புவார். உட்கார இடம் கிடைத்தால் நானும் இன்றுவரை அப்படித்தான்.