தயிர நிறுத்தணுமா? – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

பையனுக்கு நாலு வயசு முடியப்போகுது. போன வருஷம் ஆட்டிசம்னு சொன்னாங்க. ஸ்பீச் தெரபி, ஓ.டி (ஆக்குபேஷனல் தெரபி) ரெண்டும் போயிட்டிருக்கு. இப்ப தெரிஞ்ச ஒரு அம்மா சொல்லி ஒரு சென்டர்ல ஆன்லைன்ல பேசினோம். பால், தயிர், கோதுமை எல்லாத்தையும் உடனே நிறுத்தணும்னாங்க. முடி டெஸ்ட்ல ஈயம், பாதரசம் ரெண்டும் சிவப்புல வந்திருக்கு, அத மருந்து குடுத்து வெளியேத்தற கீலேஷன் பண்ணணுமாம், கூடவே ஏழெட்டு சப்ளிமெண்ட். அஞ்சு வயசுக்குள்ள பண்ணலன்னா அப்புறம் பிரயோஜனமில்லங்கறாங்க. இவன் சாப்பிடறதே தயிர்சாதமும் மேரி பிஸ்கட்டும்தான். மூணு நாளா தயிர் குடுக்கல, கத்திக் கத்தி தொண்டை கட்டிப்போச்சு. மாமியார் "புள்ளையப் பட்டினி போட்டு என்ன வைத்தியம்"ங்கறாங்க. வீட்டுக்காரர் துபாய்ல இருக்கார், பண்ணித்தான் பாப்போமேங்கறார். நான் என்ன செய்யட்டும்?

எஸ்., ஈரோடு பக்கம்

அன்புள்ள எஸ்,

மொதல்ல தயிர்சாதத்த குடுங்க. இன்னிக்கே. மத்தத அப்புறம் பேசலாம்.

பசிச்சா தானா வேற சாப்பிடுவான்னு அந்த சென்டர்ல சொல்லியிருப்பாங்க. மத்த குழந்தைங்களுக்கு அது பலிக்கும், ஆனா ஆட்டிசம் இருக்கற நிறைய குழந்தைங்களுக்கு வாயில படற பதம், நிறம், வாசனை எல்லாமே பெரிய விஷயம், ரெண்டே சாப்பாட்டுல நிக்கற பையன்கிட்ட ஒண்ணப் புடுங்கினா அவன் மூணாவதுக்குப் போகமாட்டான், மிச்சமிருக்கற ஒண்ணோட நின்னுடுவான். அவனுக்குக் கால்சியமும் புரோட்டீனும் வர்ற முக்கியமான வழி அந்தத் தயிர்தான். பால் பொருள நிறுத்தின ஆட்டிசம் பையன்களுக்கு எலும்பு இன்னும் மெலிசா இருக்குன்னு அமெரிக்காவுல 2008லயே ஒரு ஆய்வு வந்துச்சு.

இந்த பால்-கோதுமை விஷயம் எங்கேருந்து வந்துச்சுன்னா, பால்ல இருக்கற கேசினும் கோதுமைல இருக்கற குளூட்டனும் சரியா செரிக்காம, ஓபியம் மாதிரி வேலை செய்யற துணுக்குகளா ரத்தத்துல கலந்து மூளையக் கெடுக்குதுன்னு 1979 வாக்குல கிளம்பின ஒரு யோசனை. கேக்க நல்லாத்தான் இருக்கு. அத சோதிச்சுப் பாத்ததுல எனக்குப் புடிச்சது ராச்செஸ்டர் பல்கலைக்கழகம் 2016ல வெளியிட்டது. 14 குழந்தைங்க. எல்லாரையும் டயட்டீஷியன் மேற்பார்வைல பால், கோதுமை இல்லாத சாப்பாட்டுக்குப் பழக்கினாங்க. அதுக்கப்புறம் வாராவாரம் ஒரு ஸ்நாக்ஸ், ஒண்ணுல குளூட்டன், ஒண்ணுல கேசின், ஒண்ணுல ரெண்டும், ஒண்ணுல எதுவுமே இல்ல, எதுல என்ன இருக்குன்னு பெத்தவங்களுக்கும் தெரியாது, கவனிக்கறவங்களுக்கும் தெரியாது. நடத்தை, தூக்கம், மலம் போறது எதுலயும் வித்தியாசமே இல்ல. சின்ன ஆய்வுதான். ஆனா பெத்தவங்க கண்ணக் கட்டிட்டுப் பாத்த ஆய்வு, அதனால மதிக்கறேன்.

கண்ணக் கட்டறது ஏன் முக்கியம்னா செக்ரெட்டின் கதையச் சொல்லணும். அது செரிமான ஹார்மோன். 1998ல மூணு குழந்தைங்களுக்கு வயித்து டெஸ்ட்டுக்காக அத ஊசி போட்டப்ப பேச்சு முன்னேறிச்சுன்னு ஒரு கட்டுரை, அப்புறம் டிவி, அமெரிக்கா பூரா பெத்தவங்க அந்த ஊசிக்கு அலைஞ்சாங்க. மறுவருஷமே 60 குழந்தைங்கள ரெண்டா பிரிச்சு பாதிப்பேருக்கு செக்ரெட்டின், பாதிப்பேருக்கு வெறும் உப்புத்தண்ணி போட்டுப் பாத்தாங்க. உப்புத்தண்ணி போட்டுக்கிட்ட புள்ளைங்களும் ஏறக்குறைய அதே அளவுக்கு முன்னேறியிருந்தாங்க! மருந்தால பிரயோஜனமில்லன்னு சொன்னப்புறமும் அந்தப் பெத்தவங்கள்ல 69 சதவீதம் பேர் இன்னும் அந்த ஊசி வேணும்னாங்க. அவங்கள முட்டாளுன்னு நினைக்காதீங்க, நாலு வயசுப் புள்ள எப்படியும் வளர்றான், மாசத்துக்கு மாசம் ஏதாவது ஒண்ணு புதுசா வரும், அன்னிக்கு எத நிறுத்தியிருக்கோமோ எத ஆரம்பிச்சிருக்கோமோ பேரு அதுக்குப் போயிடும். வருஷக்கணக்கா ஸ்பீச் தெரபிக்கு பஸ் ஏறின அம்மாவுக்கு ஒரு கிரெடிட்டும் கிடைக்காது.

இதுல ஒரு வேடிக்கை. புள்ளைக்கு ஆட்டிசம் வர்றதுக்கு அம்மாவோட பாசமில்லாத்தனம்தான் காரணம்னு டாக்டருங்களே சொல்லிட்டிருந்த காலத்துல, அது பொய், இது பிறவிலயே உடம்பு சம்பந்தப்பட்டதுன்னு 1964ல எழுதி அம்மாக்கள் தலைலேருந்து அந்தப் பழிய இறக்கினவர் பெர்னார்ட் ரிம்லேண்ட், அவருக்கே ஆட்டிசம் உள்ள பையன். அதே ரிம்லேண்டோட நிறுவனம்தான் 1995ல ஆரம்பிச்சு, போகப்போக டயட், விட்டமின், கீலேஷன்னு இந்த 'பயோமெடிக்கல்' ரூட்டுக்கு டாக்டர் லிஸ்ட்டே போட்டுக் குடுத்துச்சு. 2011ல அவங்களே அந்த லிஸ்ட்ட நிறுத்திட்டாங்க. நம்ம ஊர் சென்டர்ங்க இன்னும் அந்தச் சரக்கத்தான் புதுசுன்னு விக்குது.

கீலேஷன் மட்டும் வேணவே வேணாம். இதுல 'பண்ணித்தான் பாப்போமே' கிடையாது. 2005ல பென்சில்வேனியாவுல அஞ்சு வயசுப் பையன், ஆட்டிசத்துக்குன்னு கீலேஷன் ஊசி போட்டப்ப ரத்தத்துல கால்சியம் இறங்கி இதயம் நின்னு செத்துட்டான். முடி டெஸ்ட்ட வச்சு உடம்புல ஈயம் இருக்கா இல்லையான்னு முடிவு பண்ண முடியாது, ஷாம்புவும் தூசியும் கூட அதுல சேந்துடும். ஈய பயம் இருந்தா ரத்தப் பரிசோதனை இருக்கு, நல்ல லேப்ல எடுத்துடலாம். அடுத்து ஸ்டெம் செல்னு ஆரம்பிப்பாங்க. ஆட்டிசத்துக்கு அத சிகிச்சையா சிபாரிசு பண்ணக்கூடாது, விளம்பரம் பண்ணா ஒழுங்கீனம்னு நம்ம தேசிய மருத்துவ ஆணையமே 2022 டிசம்பர்ல சொல்லியாச்சு.

இதெல்லாம் சொல்றதால வயித்துக்கும் இவனுக்கும் சம்பந்தமே இல்லன்னு நான் சொல்லல. மலச்சிக்கல் இந்தக் குழந்தைங்களுக்கு ரொம்ப சகஜம், தயிர்சாதமும் பிஸ்கட்டும் மட்டும் சாப்பிடறவனுக்கு இல்லாம இருந்தாத்தான் ஆச்சரியம். எத்தனை நாளைக்கு ஒருதடவ போறான், கல்லு மாதிரி போறானா, சோஃபா கைப்பிடில வயித்த அமுக்கிப் படுக்கறானா, பாருங்க. வலிக்குதுன்னு சொல்லத் தெரியாத புள்ள தலைய முட்டிக்குவான், ராத்திரி தூங்கமாட்டான், அதையும் ஆட்டிசம்னு எழுதிடுவாங்க. குழந்தை டாக்டர்கிட்ட இத மட்டும் தனியா சொல்லுங்க. கூடவே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்புல இரும்புச்சத்து இருப்பு), விட்டமின் டி பாக்கச் சொல்லுங்க. சீலியாக் (குளூட்டன் ஒத்துக்காம குடல் கெட்டுப்போற நோய்) சந்தேகம் இருந்தா அதுக்கும் ரத்த டெஸ்ட் இருக்கு, ஆனா கோதுமை சாப்பிட்டுட்டு இருக்கும்போதே எடுக்கணும், நிறுத்திட்டு எடுத்தா தப்பா வரும். சீலியாக்னு உறுதியாச்சுன்னா கோதுமைய நிறுத்தியே ஆகணும், அது வேற நோய்க்கு வைத்தியம்.

சாப்பாட்ட விரிக்கறது மெதுவான வேலை. அதே மேரி, வேற கம்பெனி. அவன் தட்டு ஓரத்துல ஒரு துண்டு கிடக்கட்டும், சாப்பிடச் சொல்லாதீங்க, பாக்காதமாதிரி இருங்க. தயிர்சாதத்துல ஒரு ஸ்பூன் மசிச்ச கேரட், நிறம் மாறாத அளவுக்கு. உங்க ஓ.டி தெரபிஸ்ட்டுக்கு இது தெரியும், கேளுங்க. அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிகள்ல டிஇஐசின்னு குழந்தைங்க வளர்ச்சிக் குறைபாட்ட சீக்கிரமே பாக்கற சென்டர் இருக்கும், காசில்லாம பாப்பாங்க. சென்னை வர முடிஞ்சா, பல வகைக் குறைபாடு உள்ளவங்களுக்காக முட்டுக்காட்டுல இருக்கற தேசிய நிறுவனம் (NIEPMD).

அஞ்சு வயசு கணக்க தூக்கிப் போடுங்க. சின்ன வயசுல தெரபி ஆரம்பிக்கறது நல்லதுதான், நீங்க ஆரம்பிச்சாச்சு. ஆறுல, எட்டுல பேச்சு வந்த புள்ளைங்களும் இருக்காங்க.

உங்க வீட்டுக்காரர்ட்ட நான் வேணா பேசறேன், நம்பர் அனுப்புங்க. மாமியார் சொன்னது சரிதான்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க, சந்தோஷப்படுவாங்க. அந்த சப்ளிமெண்ட் டப்பாவ ஏற்கனவே வாங்கியிருந்தா தூக்கிப் போட்றாதீங்க, டாக்டர்கிட்ட அப்படியே எடுத்துட்டுப் போங்க. விட்டமின் பி6 எவ்வளவு இருக்குன்னு பாக்கச் சொல்லுங்க, அதிக டோஸ்ல ரொம்ப நாள் குடுத்தா நரம்பையே பாதிக்கும்.