டோக்கன் தரும் கையொப்பம் சரிபார்ப்பில் தோற்பது ஏன்?

பெங்களூரு ஜெயநகரிலுள்ள ஒரு தணிக்கையாளர் அலுவலகத்துக்காக நீங்கள் எழுதும் நிரல், யூஎஸ்பி டோக்கனிலிருந்து (மின்னணுக் கையொப்பத்துக்கான சாவியை உள்ளே வைத்திருக்கும் சிறு கருவி) கையொப்பத்தைப் பிழையின்றிப் பெற்றும் அது சரிபார்ப்பில் தோற்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். நிரல்கள் டோக்கனோடு பேசப் பயன்படும் பிகேசிஎஸ் 11 இடைமுகத்தில், கையொப்பமிடும் ரகசியச் சாவியான தனிச்சாவி டோக்கனை விட்டு வெளியே வருவதில்லை. நிரல் கொடுக்கும் பைட்டுகளின் மீது உள்ளிருக்கும் சில்லு கணக்கிட்டு, விடையை மட்டும் திருப்பித் தருகிறது. ஆகவே எதைக் கொடுக்கிறோம் என்பதில்தான் பெரும்பாலும் சிக்கல் இருக்கும்.

‘சிகேஎம் ஆர்எஸ்ஏ பிகேசிஎஸ்’ (CKM_RSA_PKCS) என்ற கையொப்ப முறையைத் தேர்ந்து, தரவைச் சுருக்கிக் குறிக்கும் ஹாஷ் முறையான ஷா-256 தரும் 32 பைட்டுகளை அப்படியே அனுப்புவதாகச் சொல்கிறீர்கள். அம்முறை நிரப்புப் பைட்டுகளை மட்டுமே சேர்க்கும். எந்த ஹாஷ் முறை என்பதைக் குறிக்கும் 19 பைட் முன்னொட்டை நீங்களே சேர்த்து, மொத்தம் 51 பைட்டுகளாக அனுப்ப வேண்டும். முன்னொட்டு இல்லாவிட்டாலும் டோக்கன் மறுக்காமல் கையொப்பமிட்டுவிடுவதால் பிழைச் செய்தி எதுவும் வராது (இந்த மௌனம்தான் பலரை நாள்கணக்கில் அலைக்கழிக்கிறது). ‘சிகேஎம் ஷா256 ஆர்எஸ்ஏ பிகேசிஎஸ்’ (CKM_SHA256_RSA_PKCS) முறையை உங்கள் டோக்கன் ஆதரித்தால், மூலத் தரவையே கொடுத்துவிடலாம். முன்னொட்டும் ஹாஷும் அதன் பொறுப்பாகிவிடும். நான் இதையே பரிந்துரைப்பேன்.

அதன் பிறகும் தோற்றால், புதுப்பித்த சான்றிதழோடு பழையதும் டோக்கனில் இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால், ஒன்றின் சாவியால் இட்ட கையொப்பத்தை மற்றதன் சான்றிதழால் சரிபார்த்துக்கொண்டிருக்கலாம். சான்றிதழின் ‘சிகேஏ ஐடி’ (CKA_ID) என்ற அடையாள மதிப்பும் தனிச்சாவியின் ‘சிகேஏ ஐடி’ மதிப்பும் ஒன்றாக இருப்பதையே இணையாகக் கொள்ள வேண்டும். சோதனையின்போது டோக்கனைத் திறக்கும் பின் (PIN) எண்ணை மட்டும் சுழற்சிக்குள் வைத்து மீண்டும் மீண்டும் அனுப்பாதீர்கள், ஏனெனில் சில தவறான முயற்சிகளிலேயே டோக்கன் பூட்டிக்கொள்ளும்.