மலிவாக வரும் பேபி கிராண்ட்

கேள்வி: பல வருடங்களாக, கம்பிகள் செங்குத்தாக நிற்கும் அப்ரைட் பியானோவில் வாசிக்கிறேன். கையில் சேமிப்பு குறைவு. பழைய பேபி கிராண்ட் (கம்பிகள் படுக்கையாக இருக்கும் சின்ன கிராண்ட் பியானோ) ஒன்று மலிவாக வருகிறது, நீளம் நாலரை அடி. வாங்கலாமா?

பதில்: அந்த நாலரை அடிதான் எனக்கு உறுத்துகிறது. அவ்வளவு சின்ன உடலில் கீழ் ஸ்தாயிக் கம்பிகள் குட்டையாகிவிடும். கனமான சுரங்கள் மங்கி, கலங்கிக் கேட்கும். உயரமான நல்ல அப்ரைட்டில் கம்பி இதைவிட நீளமாகவே இருக்கும். ஐந்தடிக்குக் குறையாமல் தேடுங்கள். ஐந்தரை அடி கிடைத்தால் இன்னும் நல்லது.

பழைய பியானோ என்றால் நான் முதலில் பார்ப்பது, கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்க்க உதவும் ட்யூனிங் பின்களை. இருநூறுக்கும் மேற்பட்ட பின்கள் ஒரே மரக்கட்டையின் பிடிப்பில் நிற்கின்றன. அந்தக் கட்டை வெடித்திருந்தால், இன்று சேர்த்த சுருதி சில நாளில் இறங்கிவிடும். அதை மாற்றும் செலவு, நீங்கள் கொடுத்த விலையையே தாண்டிவிடலாம். அப்புறம் கம்பிகளைத் தட்டும் ஹேமர்கள். கம்பளி முனையில் கம்பித் தடம் லேசாக இருந்தால் தேய்த்துச் சரிசெய்யலாம். ஆழமாக வெட்டியிருந்தால் புதிதாகப் போட வேண்டியிருக்கும். ஒலியைப் பெருக்கும் மரப்பலகையான சவுண்ட்போர்டில் விரிசல் தெரிந்தால் உடனே பயப்படாதீர்கள். வாசிக்கும்போது இரைச்சல் வராதவரை பெரிய பாதகமில்லை.

விற்பவரோடு தொடர்பில்லாத, உங்களுக்காக மட்டும் பேசும் டெக்னீஷியன் ஒருவரை அழைத்துப்போய், விசைகளையும் ஹேமர்களையும் இணைக்கும் பொறியமைப்பான ஆக்‌ஷனை வெளியே இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணத்தில் கணக்குப் பார்க்க வேண்டாம். கொண்டுவரும் கூலியையும், வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்துச் சுருதி சேர்க்கும் செலவையும் இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள்.