புட்டியில் இருப்பது ரோஜாதானா?

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "பக்கத்துத் தீவான ரீயூனியன் போன தம்பி 10 மி.லி. ரோஜா எண்ணெய் 15 யூரோவுக்கு வாங்கி வந்தான். அம்மாவுக்கு 66 வயது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார், இரவில் தூக்கமே இல்லை. மகளுக்கு மாதாமாதம் வயிற்று வலி. பாலில் இரண்டு சொட்டு விட்டுக் குடித்தால் சரியாகும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?"

பாலில் வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பூவைக் காய்ச்சி வடித்த சாரம் என்பது குல்கந்தோ பன்னீரோ அல்ல, அதன் அடர்த்தியே வேறு.

அடுத்து, உங்கள் கையில் இருப்பது ரோஜாவே இல்லை என்று நினைக்கிறேன். ஒரு கிலோ ரோஜா எண்ணெய் வடிக்க மூன்று, நான்கு டன் பூ வேண்டும். பல்கேரியாவின் கசான்லாக், துருக்கியின் இஸ்பார்த்தா பக்கம் மே, ஜூன் மாதங்களில் வெயில் ஏறுவதற்குள் பறித்துவிடுவார்கள். 10 மி.லி. உண்மையான ரோஜா எண்ணெய் 15 யூரோவுக்கு வராது. லேபிளைப் பாருங்கள். 'ஜெரானியம் ரோசா' என்று பிரெஞ்சில் இருக்கிறதா? அந்த 'ரோசா'வை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஜெரானியம் என்பது ரீயூனியனின் மேட்டு நிலங்களில், மைதோ மலைச் சரிவுகளில் விளையும் ஒரு செடி. பூர்வீகம் தென்னாப்பிரிக்கா. எண்ணெய் வருவது பூவிலிருந்து அல்ல, இலையிலிருந்து. தாவரப் பெயர் 'பெலார்கோனியம்' என்று தொடங்கினால் ஜெரானியம். 'ரோசா தமாசேனா' என்றால்தான் ரோஜா.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். புட்டியை ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் வையுங்கள். காய்ச்சி வடித்த ரோஜா எண்ணெயில் இயற்கை மெழுகு உண்டு. அது உறைந்து மெல்லிய ஊசிகளாக நிற்கும். உள்ளங்கையில் பொத்திப் பிடித்தால் கரைந்துவிடும். இங்கே குளிர்காலமான ஜூலையில், கியூர்பிப் ஊரில் அலமாரியிலேயே உறைவதைப் பார்த்திருக்கிறேன். உறையாவிட்டால் சந்தேகப்படலாம். உறைந்துவிட்டது என்பதற்காக முழுதாக நம்பிவிடவும் கூடாது, கலப்படக்காரர்களுக்கும் இது தெரியும்.

ஜெரானியமாக இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். சிட்ரொனெல்லால், ஜெரானியால் என்ற மணப் பொருள்கள் ரோஜா, ஜெரானியம் இரண்டு எண்ணெயிலும் இருப்பதால்தான் மணம் அவ்வளவு ஒத்துப்போகிறது. பிரசவ நேரப் பதற்றம் ஜெரானியம் மணத்தால் தணிந்ததாக ஆய்வு உண்டு. ரோஜாவைப் பற்றிய ஆய்வுகள் அதைவிட அதிகம், ஆனால் பெரும்பாலும் சிறியவை. தாய்லாந்தில் 2009இல் ஆரோக்கியமான 40 பேரை வைத்துச் செய்ததில், எண்ணெயைத் தோலில் பூசியதும் மேல் ரத்த அழுத்தம் சற்றுக் குறைந்தது. ஈரானில் கல்லூரி மாணவிகள் வயிற்றில் தடவிக்கொண்டபோது மாதவிலக்கு வலி குறைந்தது. தடவிக் கொடுப்பதே பாதி மருந்து என்பது என் எண்ணம்.

அம்மாவுக்கு, படுக்கும் முன் ஒரு பஞ்சில் ஒரு சொட்டு விட்டுத் தலையணை ஓரம் வையுங்கள். மனம் கொஞ்சம் அடங்கும், அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம். பிரஷர் மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், சில மாத்திரைகளாலும் தூக்கம் கெடும்.

மகளுக்கு, 30 மி.லி. பாதாம் எண்ணெயில் ஆறு சொட்டு. ஒரு சதவீதம் அளவில் நிற்கும். முதலில் இந்தக் கலவையில் ஒரு துளியை முழங்கையின் உட்பக்கம் தடவி ஒரு நாள் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ விட்டுவிடுங்கள். பிரச்சினை இல்லையென்றால் அடிவயிற்றில் வட்டமாக மெதுவாகத் தடவலாம், மேலே வெந்நீர்ப் பை. பள்ளிக்கூடம் போக முடியாத அளவுக்கு வலித்தால் எண்ணெயோடு நிற்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் இந்தப் புட்டி அவர்கள் பக்கமே போகக் கூடாது.

கேட்காத ஒன்று. ஜெரானியம் கொசுவை விரட்டும் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். விரட்டும், கொஞ்ச நேரத்துக்கு. 2006இல் சிக்குன்குன்யா இரண்டு தீவுகளையும் ஆட்டிப் படைத்ததை மறக்காதவர்கள் கொசுவலையையும் மருந்துக் கடை லோஷனையும் விடமாட்டார்கள்.

புட்டியைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி, இறுக மூடி, இருட்டில் வையுங்கள். காற்றுப் பட்டுப் பழசான எண்ணெய்தான் அதிகம் அரிக்கும்.