மூன்றில் ஒரு பங்கு கழிந்தால் பரோல் கிடைக்குமா?

கேள்வி: டெக்சாஸில் கிரீன் கார்டுடன் வசித்துவந்த என் தம்பிக்கு, ஒரு பண மோசடி வழக்கில், அங்குள்ள ஃபெடரல் (மத்திய அரசு) நீதிமன்றம் ஆறு வாரங்களுக்கு முன் 60 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுவிட்டான். தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 20 மாதம் கழிந்ததும் பரோலில் எடுத்துவிடலாம், அதற்கு 15,000 டாலர் ஆகும் என்று ‘சிறை ஆலோசகர்’ ஒருவர் சொல்கிறார். நகைகளை அடகு வைக்கலாமா? – ஒரு வாசகி, கும்பகோணம்.

பதில்: வைக்க வேண்டாம். 1987 நவம்பர் 1க்குப் பிறகு செய்யப்பட்ட எந்த ஃபெடரல் குற்றத்துக்கும் பரோல் கிடையாது. இல்லாத ஒன்றை 15,000 டாலருக்கு மட்டுமல்ல, 15 டாலருக்கும் யாராலும் வாங்கித்தர முடியாது.

‘பரோல்’ என்ற சொல்லே நம்மவர்களை ஏமாற்றுகிறது. நம் ஊரில் பரோல் என்றால், தாயின் இறுதிச் சடங்குக்கோ மகளின் திருமணத்துக்கோ சில நாள் வெளியே வந்து மீண்டும் சிறைக்குத் திரும்புவது. அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்கு, மீதித் தண்டனையை அதிகாரிகளின் கண்காணிப்பில் வெளியிலேயே கழிக்கும்படி விடுவிப்பது என்று பொருள். அண்ணா பிறந்தநாளையொட்டிக் கைதிகளை விடுவிப்பது போன்ற வழக்கமும் அங்கு இல்லை.

உங்கள் ஆலோசகர் சொல்லும் ‘மூன்றில் ஒரு பங்கு’ முழுப் பொய் அல்ல, காலாவதியான உண்மை. நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா சீர்திருத்தச் சிறை 1876இல் திறக்கப்பட்டபோது, அதன் கண்காணிப்பாளர் ஜெபுலோன் புரோக்வே, நாளைக் குறிக்காமல் தண்டனை விதித்து, திருந்தியவனை முன்னதாக விடலாம் என்ற முறையைக் கொண்டுவந்தார். அது பல மாநிலங்களுக்குப் பரவி, 1910இல் ஃபெடரல் சட்டமாகவும் ஆனது. அதன்படி, தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்த கைதி பரோல் கேட்கலாம். தருவதும் மறுப்பதும் பரோல் குழுவின் விருப்பம். ஒரே குற்றத்துக்கு ஒருவர் இரண்டு ஆண்டிலும் இன்னொருவர் எட்டு ஆண்டிலும் வெளியே வந்த அந்த ஏற்பாட்டை, கைதிகளின் உரிமைக்குப் போராடியவர்களும் கடுந்தண்டனை கோரியவர்களும் 1970களில் ஒருசேர வெறுத்தார்கள். அதன் விளைவாக 1984இல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட தண்டனைச் சீர்திருத்தச் சட்டம் பரோலை ஒழித்தது. 1992இல் மூடப்பட வேண்டியிருந்த அமெரிக்க பரோல் ஆணையத்துக்கு மட்டும், பழைய சட்டத்தின்கீழ் தண்டனை பெற்றவர்கள் சிறையில் இருந்ததால், நாடாளுமன்றம் பலமுறை ஆயுளை நீட்டித்தது. அந்த ஆணையத்தின் பெயரை இணையத்தில் காட்டி, “பாருங்கள், அலுவலகம் இருக்கிறதே!” என்று சொல்வது தரகர்களின் முதல் வித்தை.

இரண்டாவது வித்தை டெக்சாஸ் மாநிலச் சட்டத்தைக் காட்டுவது. அம்மாநிலத்தின் சொந்தச் சிறைகளில் பரோல் இன்றும் உண்டு. ஆனால் உங்கள் தம்பிக்குத் தண்டனை தந்தது ஃபெடரல் நீதிமன்றம். ஒரே ஊரில் அடுத்தடுத்த தெருவில் இருந்தாலும் இவை இரண்டும் வெவ்வேறு அரசுகளின் சிறைகள்.

மூன்றாவது வித்தையில்தான் அதிகக் குடும்பங்கள் பணத்தை இழக்கின்றன. ஃபெடரல் கைதி ஒழுங்காக நடந்துகொண்டால், விதிக்கப்பட்ட தண்டனையில் ஆண்டுக்கு 54 நாள் வரை கழிக்கப்படும். 60 மாதத்துக்கு 270 நாள் கழியும் என்பதால், அவர் ஏறத்தாழ 51 மாதம் உள்ளே இருக்க வேண்டும். இதற்கு மனுவும் வேண்டாம், வழக்கறிஞரும் வேண்டாம். சிறைத் துறையின் இணையதளத்தில் கைதியைத் தேடும் பக்கத்துக்குச் சென்று, தம்பியின் எட்டு இலக்கப் பதிவு எண்ணை (ஐந்து இலக்கம், ஒரு கோடு, பின் மூன்று இலக்கம்) இட்டால், பெயர், வயது, இருக்கும் சிறை, விடுதலைத் தேதி ஆகியவை ஒரே வரியில் வரும். தண்டனைக் கணக்கு முடிந்தபின் அங்கு தோன்றும் தேதியில் இந்த 270 நாளும் ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கும். அந்தத் தேதியைப் படம் எடுத்து அனுப்பி, “ஒன்பது மாதம் குறைத்துவிட்டேன்” என்று கட்டணம் கேட்பார்கள். ஒரு தாயார் என்னிடம் காட்டிய ரசீதில் ‘நன்னடத்தைக் கழிவு பெற்றுத் தந்தமைக்கு 8,000 டாலர்’ என்று அச்சிட்டே கொடுத்திருந்தார்கள். அந்தத் துணிச்சலை என்னவென்று சொல்வது! இன்னும் சிலர், போதைப் பழக்கம் இருந்ததாகப் பொய் சொன்னால் சிகிச்சைத் திட்டத்தில் சேர்ந்து ஓராண்டு குறைக்கலாம் என்பார்கள். அது தனிக் குற்றம், புது வழக்கில் முடியும். வேறு கைதிகளைப் பற்றிய ‘தகவல்’ விற்கிறோம், அதை அரசுக்குக் கொடுத்தால் தண்டனை குறையும் என்பவர்களிடமும் பேச்சே வேண்டாம்.

இனி உங்கள் கேள்வியில் இல்லாத, ஆனால் தம்பிக்கு உண்மையில் முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். 2018 டிசம்பரில் வந்த ‘ஃபர்ஸ்ட் ஸ்டெப்’ சட்டத்தின்படி, சிறையில் வகுப்புகளிலும் வேலைகளிலும் பங்கெடுக்கும் தகுதியுள்ள கைதிக்கு 30 நாளுக்கு 10 நாளும், மீண்டும் குற்றம் செய்யும் வாய்ப்புக் குறைவு என்ற மதிப்பீட்டில் நீடித்தால் 10க்குப் பதில் 15 நாளும் கூடுதல் கழிவு சேரும். அதைக் கொண்டு அதிகபட்சம் 12 மாதம் முன்னதாகவே கண்காணிப்பு விடுதலைக்கு, அதாவது சிறைக்குப் பின் அதிகாரிகளின் கண்காணிப்பில் இருக்கும்படி நீதிபதி தண்டனையோடு சேர்த்தே விதிக்கும் காலத்துக்கு, போகலாம். சாதாரண மோசடிக் குற்றங்கள் விலக்குப் பட்டியலில் இல்லை. அப்படியானால் 51 மாதம் 39ஆகக் குறைய வழியுண்டு.

ஆனால் குடியுரிமை இல்லாதவருக்கு இதில் ஒரு கண்ணி இருக்கிறது. நாடுகடத்தும் உத்தரவு ஒருவர்மேல் இறுதியாகிவிட்டால், அவர் கழிவைச் சேர்க்கலாம், பயன்படுத்த முடியாது. ‘இறுதி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். குடிவரவுத் துறை சிறைக்கு அனுப்பியிருக்கும் ‘இவரை எங்களிடம் ஒப்படையுங்கள்’ என்ற கோரிக்கைக் கடிதம் மட்டும் இருந்தால் கழிவு போகாது. குடிவரவு நீதிபதி உத்தரவிட்டு, மேல்முறையீட்டுக் காலம் முடிந்தாலோ, மேல்முறையீடு வேண்டாம் என்று தம்பியே சொல்லிவிட்டாலோ போய்விடும். பாதிக்கப்பட்டவர்களின் இழப்பு 10,000 டாலரைத் தாண்டிய மோசடி, குடிவரவுச் சட்டத்தில் மிகக் கடுமையான பிரிவில் வருவதால், கிரீன் கார்டு இருந்தும் நாடுகடத்தும் வழக்கு வரும் என்றே எதிர்பார்க்க வேண்டும். எனவே அது எப்போது இறுதியாகிறது என்பதில்தான் அந்த 12 மாதமும் அடங்கியிருக்கிறது.

இது இரண்டு இடங்களில் கைநழுவிப் போகிறது. ஒன்று, குற்றத்தை ஒப்புக்கொள்ளும் ஒப்பந்தத்திலேயே ‘நாடுகடத்தலுக்குச் சம்மதிக்கிறேன்’ என்ற பத்தி சேர்க்கப்பட்டு, தண்டனை விதிக்கும் நீதிபதியே அந்த உத்தரவையும் பிறப்பித்துவிடுவது. ஃபெடரல் நீதிமன்றங்களில் தண்டனை பெறுவோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டோர் விசாரணையே இன்றி ஒப்புக்கொண்டவர்கள். அந்த வேகத்தில் பக்கம் பக்கமாக நீளும் ஒப்பந்தத்தை வரி வரியாக விளக்க யாருக்கு நேரம் இருக்கிறது? நாடுகடத்தும் அபாயத்தை வழக்கறிஞர் சொல்லியே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் ‘பாடில்லா எதிர் கென்டக்கி’ வழக்கில் தீர்ப்பளித்தது. கூடவே ஓராண்டுக் கழிவும் போகும் என்பதைச் சொல்லும்படி அந்தத் தீர்ப்பு பணிக்கவில்லை. சொல்லுகிறவர்களும் மிகக் குறைவு.

மற்றொன்று, சிறைக்குள் அதிகாரி ஒருவர் தாளை நீட்டி, கையெழுத்திட்டால் விரைவில் ஊருக்குப் போய்விடலாம் என்ற எண்ணத்தைத் தருவது. பொதுவாகத் தண்டனையை முடிக்காமல் நாடுகடத்தச் சட்டம் இடம் தருவதில்லை. ஆகவே அந்தக் கையெழுத்தால் விமானம் முன்னதாக வராது, கழிவுதான் போகும். குடிவரவு வழக்கறிஞரைக் கேட்காமல் எதிலும் கையெழுத்திட வேண்டாம் என்று தம்பிக்கு இன்றே எழுதுங்கள்.

மேல்முறையீட்டு அறிவிப்புக்கான 14 நாள் முடிந்துவிட்டது. வழக்கறிஞர் கடமை தவறியதாகக் கருதினால், தீர்ப்பு இறுதியானதிலிருந்து ஓராண்டுக்குள் அதே நீதிமன்றத்தில் தனி மனு போடலாம். ஆனால் அது வென்றால் பழைய ஒப்பந்தமே கலைந்து, முழு வழக்கும் மீண்டும் தொடங்கக்கூடும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

இப்போதைக்குத் தம்பிக்கு வாதாடிய வழக்கறிஞரிடம் ஒப்பந்தத்தின் நகலையும் தீர்ப்பின் நகலையும் கேட்டு வாங்குங்கள். அவற்றில் நாடுகடத்தல் பற்றிய பத்தி எங்காவது இருக்கிறதா, அதன்மேல் நீதிபதி உத்தரவு பிறப்பித்தாரா என்ற இரண்டு கேள்விகளையும் எழுத்தில் அனுப்பி, எழுத்தில் பதில் பெறுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. ஆலோசகர் மறுபடி அழைத்தால், பரோல் தரும் சட்டப் பிரிவின் எண்ணை எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.